ஓனர் காசை இறக்கணுமா? கால்பந்து கிளப்கள் செலவழிக்கும் ஐந்து வழிகள்

கிளப்கள் ஆட்களை வாங்கி விற்கும் ஆகஸ்டும் ஜனவரியும் வந்தால் கால்பந்து ரசிகர்களிடம் ஒரே புலம்பல்தான். "எங்க ஓனர் கஞ்சன், ஒரு ஸ்டிரைக்கர் வாங்க மனசு வரல" என்பது ஒரு கட்சி. "இப்படிக் கொட்டிக் கொட்டி வாங்குறாங்களே, கிளப் தாங்குமா" என்பது இன்னொரு கட்சி. ஆர்சனல் ரசிகர்கள் பல வருடம் முதல் கட்சியில் இருந்தார்கள். செல்சி ரசிகர்களில் பலர் இப்போது இரண்டாவதற்கு மாறியிருக்கிறார்கள். கிளப் கைமாறப் போகிறது என்ற செய்தி வந்துவிட்டால் சண்டை இன்னும் சூடாகிவிடும். எண்ணெய்ப் பணம் வந்தால் நல்லதா, கணக்குப் பார்க்கிற அமெரிக்க நிறுவனம் வந்தால் நல்லதா, இல்லை இருக்கிறவரே இருந்துவிட்டுப் போகட்டுமா?

பதில் சொல்லும் முன் எதை வைத்து அளப்பது என்று பார்த்துவிடுவோம். செய்தியில் வரும் டிரான்ஸ்ஃபர் தொகையை, அதாவது ஆளை விடுவிக்க மற்ற கிளப்புக்குக் கொடுப்பதை, மட்டும் வைத்து அளந்தால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

## எதை வைத்து அளப்பது

வாங்கிய ஆள் சொதப்பினால் யார் பணம் போகிறது? எனக்கு இதுதான் முதல் கேள்வி. ஓனர் தன் பையிலிருந்து போட்டாரா, கிளப் சம்பாதித்ததா, இல்லை இன்னும் கைக்கே வராத பணமா? தொகை எவ்வளவு என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

சம்பளம், ஒப்பந்தக் காலம். டிரான்ஸ்ஃபர் தொகை ஒரு நாள் செய்தி. சம்பளம் வாராவாரம் போவது. ஸ்டெர்லிங்கை 2022-ல் 4.75 கோடி பவுண்டுக்கு வாங்கி ஐந்து வருட ஒப்பந்தம் கொடுத்தது செல்சி. 2025 கோடையில் அவர் முதல் அணியோடு சேராமல் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். அவ்வளவு சம்பளம் கொடுத்து அவரை எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்காததுதான் சிக்கல்.

கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது? வாங்கிய தொகையை ஒப்பந்த வருடங்களால் வகுத்து வருடாவருடம் செலவு எழுதுவதுதான் நடைமுறை. என்ஸோ ஃபெர்னாண்டஸை 2023-ல் 10.68 கோடி பவுண்டுக்கு வாங்கிய செல்சி அவருக்கு எட்டரை வருட ஒப்பந்தம் போட்டது. ஐந்து வருடம் என்றால் ஆண்டுக்கு 2.1 கோடிக்கு மேல் எழுத வேண்டியிருக்கும். எட்டரை என்பதால் 1.26 கோடிக்குள் அடங்கிவிட்டது. இந்த வித்தையைப் பார்த்த ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா, எத்தனை வருட ஒப்பந்தமாக இருந்தாலும் ஐந்து வருடத்துக்குள்தான் பிரித்து எழுத வேண்டும் என்று விதி போட்டது. இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கும் அதே வருட இறுதியில் பின்தொடர்ந்தது.

விற்கும்போது இதன் மறுபக்கம் தெரியும். 5 கோடிக்கு ஐந்து வருடத்துக்கு வாங்கிய ஆளின் மதிப்பு இரண்டு வருடம் கழித்துக் கணக்கில் 3 கோடி. அப்போது 2.5 கோடிக்கு விற்றால் கைக்குப் பணம் வந்தும் புத்தகத்தில் 50 லட்சம் நஷ்டம். ஆனால் கிளப்பின் சொந்தப் பயிற்சிப் பள்ளியான அகாடமியில் வளர்ந்த பையனை 2.5 கோடிக்கு விற்றால் அத்தனையும் லாபம். சொந்தப் பிள்ளைகளையே கிளப்கள் முதலில் விற்க நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

விதி அனுமதிக்கிறதா? பிரீமியர் லீக்கில் மூன்று வருடத்துக்குச் சேர்த்து 10.5 கோடி பவுண்டு வரைதான் நஷ்டம் காட்டலாம் என்று விதி வைத்திருந்தார்கள். அதை மீறிய எவர்ட்டனுக்கு 2023 நவம்பரில் லீக் பட்டியலில் 10 புள்ளி வெட்டினார்கள். மேல்முறையீட்டில் அது 6 ஆனது, பிறகு வேறொரு கணக்கில் இன்னும் 2 போனது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கதை இன்னும் வேடிக்கை. பிரென்னன் ஜான்சனை ஜூன் 30-க்குள், அதாவது கணக்கு முடியும் முன் விற்றிருந்தால் தப்பியிருக்கும். நல்ல விலைக்குக் காத்திருந்து செப்டம்பர் 1 அன்று டாட்டன்ஹாமுக்கு விற்றது. விலை கிடைத்தது, 4 புள்ளி போனது. 2026-27 முதல் வருமானத்தில் 85 சதவீதத்துக்குள் அணிச் செலவு இருக்க வேண்டும் என்ற புது விதிக்கு கிளப்கள் வாக்களித்திருக்கின்றன. ஆகவே "ஓனரிடம் பணம் இருக்கு, இறக்கட்டும்" என்பது இனி முழுப் பதில் ஆகாது.

## ஒரே பார்வையில்

| வழி | தோற்றால் தாங்குவது | மறைந்திருக்கும் செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|
| ஓனரின் சொந்தப் பணம் | ஓனர், அவர் இருக்கும்வரை | ஓனர் போனால் எல்லாம் ஆட்டம் காணும் | ஓனருக்கு ஊரோடு ஒட்டு இருந்தால், விவரமான ஆட்களும் இருந்தால் |
| வாங்கி, வளர்த்து, விற்பது | கிளப், சிறு சிறு நஷ்டமாக | ஒவ்வொரு கோடையும் ஒரு பிரிவு | சின்ன, நடுத்தர கிளப் |
| சம்பாதித்ததை மட்டும் செலவழிப்பது | கிளப் | காத்திருக்கும் வருடங்கள் | உலகம் முழுக்க ரசிகர் உள்ள கிளப் |
| நாளைய வருமானத்தை இன்றே செலவழிப்பது | அடுத்த தலைமுறை ரசிகர் | ஒரு புள்ளியில் எல்லாம் கவிழலாம் | எங்கும் இல்லை என்பது என் கருத்து |
| சொந்த மண்ணின் ஆட்கள் | கிளப், அதாவது அதன் உறுப்பினர்கள் | உள்ளூர் ஆளுக்கு இரட்டை விலை | தனி அடையாளம் உள்ள ஊர் |

## 1. ஓனரின் சொந்தப் பணம்

இதைப் புரிந்துகொள்ள, எண்ணெய்ப் பணத்தில் வளர்ந்த மான்செஸ்டர் சிட்டியைவிட பிளாக்பர்ன் ரோவர்ஸ்தான் நல்ல உதாரணம். ஒரே கிளப், இரண்டு ஓனர்கள், இருவரும் பணம் போட்டவர்கள், நேர் எதிர் முடிவு.

1991-ல் கிளப்பைக் கையில் எடுத்த ஜாக் வாக்கர் அதே ஊர்க்காரர், இரும்பு வியாபாரத்தில் சம்பாதித்தவர், சின்ன வயதிலிருந்தே ரசிகர். கென்னி டால்கிளிஷை மேனேஜராகக் கூட்டிவந்தார். 1992-ல் ஆலன் ஷியரரை 33 லட்சம் பவுண்டு சொச்சத்துக்கும், 1994-ல் கிறிஸ் சட்டனை 50 லட்சத்துக்கும் வாங்கினார். இரண்டுமே அன்றைக்குச் சாதனை விலை. 1995-ல் பிளாக்பர்ன் பிரீமியர் லீக் சாம்பியன்.

வாக்கர் 2000-ல் இறந்தார். 2010 நவம்பரில் கிளப்பை வாங்கியது நம் நாட்டு வெங்கீஸ், புனேயின் கோழிப்பண்ணைக் குழுமம். அடுத்த மாதமே அனுபவசாலியான மேனேஜர் சாம் அலர்டைஸை வெளியே அனுப்பினார்கள். 2012 மே மாதம் விகன் அணியிடம் தோற்று, கீழ் டிவிஷனுக்கு இறங்கினார்கள். அந்த ஆட்டத்தின் நடுவே கிளப் கொடியைப் போர்த்திய ஒரு கோழியை ரசிகர்கள் மைதானத்துக்குள் ஓடவிட்டார்கள். 2017-ல் மூன்றாவது டிவிஷன் வரை போய்த் திரும்பினார்கள். வெங்கீஸ் பணமே போடவில்லை என்று சொல்ல முடியாது, வருடாவருடம் நஷ்டத்தை அடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் இந்தியாவில் நடந்த ஒரு விசாரணையால் கிளப்புக்குப் பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. அனுப்பும் தொகைக்கு வங்கி உத்தரவாதமும் கொடுக்க வேண்டியிருந்தது. 2024 ஜனவரி விண்டோ (ஆட்களை வாங்கி விற்க அனுமதிக்கும் காலம்) முடியும் நேரத்தில், அகாடமியில் வளர்ந்த ஆடம் வார்ட்டனை கிறிஸ்டல் பேலஸுக்கு விற்றார்கள். இங்கிலாந்தின் லங்காஷையரில் ஒரு கிளப், அதன் பணம் வருமா வராதா என்பது டெல்லியில் முடிவானது.

ஓனரின் பணத்தில் ஒளிந்திருக்கும் செலவு இதுதான்: அவருடைய வாழ்க்கையில் நடப்பதெல்லாம் கிளப்பின் தலையில் விடியும். 2003-ல் சுமார் 14 கோடி பவுண்டுக்கு செல்சியை வாங்கிய ரஷ்யப் பணக்காரர் ரோமன் அப்ரமோவிச் ஐந்து லீக் பட்டமும், ஐரோப்பாவின் பெரிய கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் இரண்டும் பார்த்தார். கிளப்புக்கு அவர் கொடுத்த கடன் மட்டும் சுமார் 150 கோடி பவுண்டு. 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததும் பிரிட்டிஷ் அரசு அவர் சொத்தை முடக்கியது. சில வாரங்களுக்கு செல்சியால் புது டிக்கெட் விற்க முடியவில்லை, ஒப்பந்தம் புதுப்பிக்கவும் வழியில்லை. ரூடிகரும் கிறிஸ்டென்சனும் அந்தக் கோடையில் ஒரு பைசா வராமல் போனார்கள். அப்ரமோவிச் அந்தக் கடனைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொன்று, பெரிய பணம் தவறான முடிவுகளைப் பல வருடம் மறைத்துவைக்கும். பாரிஸ் அணி நெய்மாரை 22.2 கோடி யூரோவுக்கும் எம்பாப்பேயை 18 கோடிக்கும் வாங்கி, மெஸ்ஸியையும் சேர்த்துக்கொண்டது. மூவரும் சேர்ந்து ஆடிய இரண்டு பருவத்திலும் சாம்பியன்ஸ் லீக்கில் கடைசி 16-லேயே வெளியேறியது. மூவரும் போன பிறகு 2025 மே மாதம் மியூனிக்கில் இன்டரை 5-0 என்று நொறுக்கிக் கோப்பையைத் தூக்கியது. அந்த அணியும் மலிவானதில்லை. ஆனால் போஸ்டருக்காக இல்லாமல் பயிற்சியாளர் கேட்ட ஆட்டத்துக்காக வாங்கிய அணி.

## 2. வாங்கி, வளர்த்து, விற்பது

இந்த வழிக்கு பிரைட்டன்தான் பாடப்புத்தகம். ஓனர் டோனி புளூம், சூதாட்டக் கணக்கில் பணம் பண்ணியவர். தரவு பார்த்து ஆள் பிடிப்பது என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அவர் திறமை வாங்குவதில் பாதிதான். மீதி பாதி, எப்போது விற்கக் கூடாது என்று தெரிவதில்.

மொய்சஸ் கைசேடோவை 2021 பிப்ரவரியில் எக்வடாரிலிருந்து வாங்கியபோது விலை 45 லட்சம் பவுண்டு அளவுதான், வயது 19. உடனே களத்தில் இறக்காமல், கொஞ்ச காலம் ஆடிவர பெல்ஜிய கிளப் ஒன்றுக்குக் கடனாக அனுப்பினார்கள். 2022 ஏப்ரலில்தான் பிரீமியர் லீக்கில் ஆடினார். 2023 ஜனவரியில் ஆர்சனல் 6 கோடி, பிறகு 7 கோடி என்று வந்தது. பையன் "என்னைப் போக விடுங்கள்" என்று வெளிப்படையாகவே கடிதம் போட்டார். வேறு கிளப்பாக இருந்தால் அந்த அழுத்தத்தில் விற்றிருக்கும். விண்டோ முடியும்வரை வீட்டில் இரு என்று சொல்லிவிட்டார்கள். மார்ச்சில் அவருக்குச் சம்பளம் கூட்டி 2027 வரை புது ஒப்பந்தம் போட்டார்கள். இனி அவசரம் வாங்குகிறவருக்குத்தான். ஆகஸ்டில் லிவர்பூலும் செல்சியும் போட்டி போட, விலை 10 கோடி, கூடுதல் நிபந்தனைகளோடு 11.5 கோடி வரை ஏறியது. அதே மாதக் கடைசியில் அந்த இடத்துக்கு கார்லோஸ் பலேபாவை லில்லிலிருந்து கொண்டுவந்துவிட்டார்கள். ஜனவரியில் வந்த கடைசி விலையைவிட குறைந்தது மூன்று கோடி அதிகம், ஏழு மாதப் பொறுமைக்கு.

அந்த விற்பனை கணக்கில் ஏறும் முன்பே, 2022-23-ல் பிரைட்டன் 12.28 கோடி பவுண்டு லாபம் காட்டியிருந்தது. அதே பருவத்தில் லீக்கில் 6-ம் இடம், வரலாற்றில் முதல்முறையாக ஐரோப்பியப் போட்டி.

சரி, இதில் செலவே இல்லையா? நிறைய இருக்கிறது. ஸ்டேடியம், பயிற்சி மைதானம் என்று புளூம் 30 கோடி பவுண்டுக்கு மேல் வட்டியில்லாக் கடனாகப் போட்ட பிறகுதான் இந்த இயந்திரம் ஓடத் தொடங்கியது. "காசே போடாமல் தரவை வைத்து ஜெயித்தார்" என்பது வெறும் கதை. தவறிய கணிப்புகளும் உண்டு. 2018-ல் சாதனை விலையாக 1.7 கோடிக்கு வாங்கிய ஜஹான்பக்ஷ் சரியாக அமையாமல் மூன்று வருடத்தில் சொற்ப விலைக்குப் போனார். மேனேஜரையும் தூக்கிக்கொண்டு போவார்கள். 2022 செப்டம்பரில் பருவத்தின் நடுவே கிரஹாம் பாட்டரை செல்சி கூட்டிப்போனது. அப்புறம் ரசிகரின் மனசு. மிட்டோமா பெயர் போட்ட சட்டையை வாங்கலாமா, அடுத்த வருடம் இருப்பாரா என்று யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

பிரென்ட்ஃபோர்டின் மேத்யூ பென்ஹமும் இதே பள்ளிக்கூடம். 2016-ல் அகாடமியையே மூடினார். வளர்த்த பையன்களைப் பெரிய கிளப்கள் சில்லறை விலைக்கு அள்ளிக்கொண்டு போகும்போது எதற்கு வளர்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. (பிறகு மீண்டும் திறந்தார்கள்.) ஆலி வாட்கின்ஸை 18 லட்சத்துக்கு வாங்கி 2020-ல் 2.8 கோடிக்கு விற்றார்கள், மறுவருடமே பிரீமியர் லீக். 74 வருடத்துக்குப் பிறகு முதல் டிவிஷன்.

இந்த இயந்திரம் ஒரு வருடம் நின்றால் என்ன ஆகும் என்று லெஸ்டர் காட்டியது. 2016 சாம்பியன் ஆன பிறகு கான்ட்டே, மஹ்ரெஸ், மகுவாயர், சில்வெல் என்று கோடைக்கு ஒருவரை விற்று, அதில் அணியைப் புதுப்பித்தார்கள். 2021 கோடையில் பெரிய ஆள் யாரையும் விற்கவில்லை. ரசிகர்களுக்குச் சந்தோஷம். அடுத்த கோடையில் வாங்கப் பணமில்லை, சம்பளப் பட்டியலோ மேலே. 2023-ல் இறங்கினார்கள், டீலமான்ஸ் போன்றவர்கள் ஒப்பந்தம் முடிந்து சும்மாவே போனார்கள்.

## 3. சம்பாதித்ததை மட்டும் செலவழிப்பது

லிவர்பூலின் அமெரிக்க ஓனர்கள் 2010-ல் 30 கோடி பவுண்டுக்கு வாங்கியதிலிருந்து கிட்டத்தட்ட இப்படித்தான். கூட்டின்யோவை 85 லட்சத்துக்கு வாங்கி, 2018 ஜனவரியில் பார்சிலோனாவுக்கு 14.2 கோடி வரை போகும் விலைக்கு விற்றார்கள். அதே ஜனவரியில் வான் டைக் 7.5 கோடி, கோடையில் அலிசன் 6.68 கோடி. இரண்டும் சேர்த்தால் விற்ற விலை. மறுவருடம் சாம்பியன்ஸ் லீக், அதற்கடுத்த வருடம் லீக். கூட்டின்யோவோ 2020-ல் பயெர்னுக்குக் கடனாகப் போன நிலையில், பார்சிலோனாவை 8-2 என்று அடித்த ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டார்.

செலவு எங்கே? காத்திருப்பில். 2024 கோடையில் லிவர்பூலில் உடனே ஆட வந்த ஒரே புது ஆள் கியேசா. ரசிகர்கள் கொதித்தார்கள், அணி சாம்பியன் ஆனது. அடுத்த கோடையில் விர்ட்ஸ், 12.5 கோடிக்கு இசாக் என்று கஜானாவைத் திறந்தார்கள். அந்த இலையுதிர் காலத்தில் வரிசையாகத் தோற்றார்கள். ஆர்சனலின் காத்திருப்பு இன்னும் நீளம். 2006-ல் புது ஸ்டேடியம் கட்டிய கடனை அடைக்கும் வருடங்களில் ஃபாப்ரிகாஸ் போனார், வான் பெர்சி மான்செஸ்டர் யுனைட்டடுக்குப் போய் அவர்களுக்கு 2013 பட்டத்தை வாங்கிக்கொடுத்தார். 2023-ல் டெக்லன் ரைஸுக்கு 10 கோடிக்கு மேல் எடுத்துவைக்க முடிந்ததற்கு அந்த ஸ்டேடியத்தின் வசூலும் ஒரு காரணம்.

மான்செஸ்டர் யுனைட்டடையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். நான் சேர்க்க மாட்டேன். 2005-ல் கிளேசர் குடும்பம் வாங்கியபோது, வாங்கிய கடனில் பெரும்பகுதியைக் கிளப்பின் மீதே ஏற்றியது. வட்டிக்குப் போனதுபோக மிச்சத்தில்தான் ஸ்டிரைக்கர். ஓல்ட் டிராஃபோர்டின் கூரையிலிருந்து 2024 மே மாத மழை அருவியாகக் கொட்டியதை உலகமே பார்த்தது.

## 4. நாளைய வருமானத்தை இன்றே செலவழிப்பது

லீட்ஸ், 2000-ம் ஆண்டு. சேர்மன் பீட்டர் ரிட்ஸ்டேல், ரியோ ஃபெர்டினாண்டை 1.8 கோடிக்கு வாங்குகிறார். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போகிறார்கள். ஆனால் லீக்கில் நாலாவது இடம், லிவர்பூலைவிட ஒரே ஒரு புள்ளி குறைவு, அடுத்த வருட சாம்பியன்ஸ் லீக் கை நழுவியது. பட்ஜெட்டோ அது வரும் என்று போட்டது. வருங்கால டிக்கெட் வசூலை அடமானம் வைத்து 6 கோடி பவுண்டு கடன் வாங்கினார்கள். நிற்கிற பயிரை விற்றுச் சாப்பிடும் வேலை இது, மழை பொய்த்தால் கதை முடிந்தது. 2002-ல் ஃபெர்டினாண்டை விற்றார்கள், 2003-ல் ராபி ஃபௌலரை மான்செஸ்டர் சிட்டிக்கு அனுப்பிவிட்டு அவர் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தாங்களே கொடுத்தார்கள். வேறு அணிக்கு கோல் போடுகிறவருக்கு லீட்ஸ் சம்பளம். 2004-ல் இறங்கி, ஸ்டேடியத்தையும் விற்று, 2007-ல் மூன்றாவது டிவிஷன் வரை போய், 2020-ல்தான் முதல் டிவிஷனுக்குத் திரும்பினார்கள். சேர்மன் அலுவலகத்தில் மாத வாடகைக்குத் தங்கமீன் வைத்திருந்த செய்தியை மட்டும்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

பார்சிலோனா பெரிய கிளப் என்பதால் விழாமல் தள்ளாடியது. கூட்டின்யோ, டெம்பலே, கிரீஸ்மான் மூவருமே 10 கோடி யூரோவுக்கு மேல். 2021-ல் கடன் 135 கோடி யூரோ என்று தலைவர் லாபோர்ட்டா அறிவித்த அதே மாதம் மெஸ்ஸி அழுதபடி விடைபெற்றார். மறுவருடம் லா லீகா தொலைக்காட்சி வருமானத்தில் 25 சதவீதத்தை 25 வருடத்துக்கு விற்றார்கள். லாமின் யமாலின் காலத்து வருமானத்தில் ஒரு பங்கு, அவர் முதல் ஆட்டம் ஆடும் முன்பே போய்விட்டது.

## 5. சொந்த மண்ணின் ஆட்கள்

ஸ்பெயினின் அத்லெட்டிக் பில்பாவோவுக்குத் தனி ஓனர் கிடையாது. உறுப்பினர்கள் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த கிளப் இருக்கும் பாஸ்க் பகுதியில் பிறந்தவரோ அங்கே ஆட்டம் கற்றவரோதான் ஆடலாம். கானாவிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளைகளான இன்யாக்கி, நிகோ வில்லியம்ஸும் அந்த ஊர்ப் பிள்ளைகள்தான். ரியல் மாட்ரிட், பார்சிலோனா தவிர முதல் டிவிஷனிலிருந்து ஒருபோதும் இறங்காத அணி ஸ்பெயினில் இது ஒன்றே.

விற்க ஆசைப்படாத கிளப் என்பதால் விலை பேச முடியாது. ஒப்பந்தத்தில் எழுதிய முழுத் தொகையைக் கட்டிவிட்டுக் கூட்டிப்போகலாம். கெப்பாவுக்காக செல்சி 8 கோடி யூரோ அப்படித்தான் கட்டியது. ஆனால் அந்தப் பணத்தில் யாரை வாங்குவது? தகுதியுள்ள ஆட்கள் கொஞ்சம்பேர், பக்கத்து கிளப்களுக்கு அது தெரியும். இன்யிகோ மார்ட்டினெஸுக்காக ரியல் சோசியதாதுக்கு 3.2 கோடி யூரோ கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்பெயினின் கோபா டெல் ரே கோப்பைக்கு 40 வருடம் காத்திருந்து 2024-ல் வென்றார்கள். நெர்வியோன் ஆற்றில் படகில் கோப்பை வந்தபோது கரை முழுக்க ஊரே நின்றது. வேறு ஊரில் இதைக் காப்பியடிக்க முடியாது.

## உங்கள் கிளப்புக்கு எது?

இரண்டாவது டிவிஷனிலிருந்து மேலே வரத் துடிக்கும் கிளப் என்றால் இரண்டாவது வழி, ஒவ்வொரு கோடையும் ஒருவரை விற்கும் மனவலிமையோடு. உலகம் முழுக்கச் சட்டை விற்கும் கிளப் என்றால் மூன்றாவது வழி போதும், அங்கே புதுப் பணக்காரரை வேண்டிக்கொள்வது தேவையில்லாத ஆபத்து. இரண்டுக்கும் நடுவே மாட்டியிருக்கும் எவர்ட்டன், வெஸ்ட் ஹாம் மாதிரி கிளப்களுக்குத்தான் முடிவு கஷ்டம். அங்கே பணக்கார ஓனர் வரட்டும் என்றுதான் நானும் சொல்வேன், ஆனால் அவர் பணம் ஸ்டிரைக்கருக்குப் போகும் முன் ஸ்டேடியம், பயிற்சி மைதானம், அகாடமிக்குப் போக வேண்டும். பழைய நஷ்ட விதியில் இந்தச் செலவுகள் கணக்கில் சேராமல் விலக்குப் பெற்றதற்கும் காரணம் உண்டு. ஓனர் போனாலும் அவை அங்கேயே இருக்கும்.

புது ஓனர் செய்தி வந்தால் அவருடைய சொத்து மதிப்பைத் தேடுவதை விடுங்கள். இங்கிலாந்து கிளப்களின் ஆண்டுக் கணக்கை, நிறுவனங்களைப் பதியும் அரசு அமைப்பான கம்பெனிஸ் ஹவுஸின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். அதில் இரண்டு வரி போதும்: ஓனர் போட்ட பணம் பங்காக இருக்கிறதா, கடனாக இருக்கிறதா? வருமானத்தில் சம்பளம் எத்தனை சதவீதம்? கடனும் ஏறி, சம்பளம் வருமானத்தை நெருங்கியும் இருந்தால், புது ஸ்டிரைக்கரைக் கேட்காதீர்கள்.